கோடரிக்குப் பிடியிட்ட திருக்கரம்



கல்லூரியில் பயிலும்போதே சொந்தத் தொழில் தொடங்க விழையும் பிள்ளை ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவர் உங்களிடம் வந்து யோசனை கேட்டால் நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்? இந்த வினாவை உங்கள் முன் வைப்பதற்கு முன்னர் என்னை நானே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன். ஏனெனில், அப்படி ஒரு பிள்ளை என்னிடம் வந்தபோது நான் அளித்த விடை போதுமானதாக இருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. மக்தபில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர், வணிகவியல் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என் அருகில் வந்தமர்ந்தார். திருப்பூரிலிருந்து பனியன் ஆடைகளை மொத்தமாக வாங்கி, மாணவர் விரும்பும் எழுத்துக்களையும் சித்திரங்களையும் அச்சிட்டு, சுற்று வட்டாரக் கடைகளுக்குப் போடப் போவதாகச் சொன்னார். "ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள்" என்றார். நானும் கையேந்தித் துஆச் செய்தேன். இறைவன்மீது பொறுப்பைச் சாட்டுங்கள், ஹலாலான முறையில் நடந்துகொள்ளுங்கள் என்று இரண்டு வார்த்தை உபதேசமும் சொல்லி அனுப்பி வைத்தேன். என் கடமை அத்துடன் முடிந்தது என்றே எண்ணினேன்.

ஓராண்டு நிறையுமுன் அவருடைய தொழில் முடங்கிற்று. சரக்கு விற்கவில்லையா? நன்றாகவே விற்றது. இலாபம் இல்லையா? ஏட்டில் இருந்தது. ஆனால் கடைக்காரர்கள் மூன்று மாதத் தவணையில் சரக்கை எடுத்தார்கள். திருப்பூர் மொத்த வியாபாரியோ முப்பது நாளில் பணம் கேட்டார். இடையே விழுந்த அறுபது நாள் பள்ளத்தை நிரப்புவதற்காக அந்தப் பிள்ளை தம் தாயாரின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். ஆர்டர் பெருகப் பெருகப் பள்ளமும் ஆழமாயிற்று. இறுதியில் சங்கிலி ஏலத்தில் போயிற்று. பிள்ளையும் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

இதற்குப் பின் நிகழ்ந்ததுதான் என் நெஞ்சைத் தைத்தது. நாற்பது ஆண்டுகளாக ஜவுளி வியாபாரம் செய்துவரும் ஹாஜியார் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "ஹஜ்ரத், இது ஐந்து நிமிடத்தில் சொல்லித் தரக்கூடிய விஷயமாயிற்றே! வாங்குகிற தவணையைவிட விற்கிற தவணை நீண்டுவிட்டால், வியாபாரம் வளர வளரக் கை வறண்டுபோகும். என் முதல் கடையில் நானும் இப்படித்தான் அடிபட்டேன். பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

வாசகரே, அந்த ஹாஜியாரும் அந்த மாணவரும் ஒரே பள்ளிவாசலில், வெள்ளிதோறும், பல நேரங்களில் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்த்து நின்று தொழுதவர்கள். அந்த ஐந்து நிமிட அறிவுரை அவருக்கு ஒரு சாண் தொலைவிலேயே நின்றிருந்தது. அதைக் கைமாற்றித் தருகின்ற ஏற்பாடு மட்டும் எங்களிடம் இருக்கவில்லை. இருவரையும் நன்கறிந்திருந்த நானோ துஆவோடு நிறுத்திக்கொண்டேன்.

திருச்சபையில் நடந்த ஏலம்

அன்றிரவு, பலமுறை மேடையில் எடுத்துரைத்த ஒரு நபிமொழி புதிய பொருளோடு என் நினைவுக்கு வந்தது. அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ள அந்நிகழ்ச்சி நம்மில் பலர் அறிந்ததுதான். மதீனத்து அன்ஸாரி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று பெருமானார் வினவினார்கள். ஒரு முரட்டுத் துணி இருக்கிறது, அதில் பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்கிறோம். நீர் அருந்த ஒரு பாத்திரமும் இருக்கிறது என்றார் அவர். அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, தம் கையில் ஏந்தி, இவற்றை வாங்குவோர் யார் என்று சபையோரிடம் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதைவிடக் கூடுதலாகத் தருவோர் உண்டா என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு திர்ஹங்களையும் அன்ஸாரியிடம் கொடுத்து, ஒன்றுக்கு வீட்டாருக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கிவரப் பணித்தார்கள். கோடரி வந்ததும் அதற்குத் தம் திருக்கரத்தாலேயே பிடியிட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாள்வரை தம் கண்ணில் படவேண்டாமென்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்துத் திர்ஹம் ஈட்டியிருந்தார். அதில் சிறிது கொடுத்து உடையும், சிறிது கொடுத்து உணவும் வாங்கியிருந்தார்.

யாசிப்பது இழிவு, உழைப்பது உயர்வு என்பதற்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சியை நாம் கூறி வந்திருக்கிறோம். அது உண்மையே. ஆயினும் இன்னொரு முறை ஊன்றிப் பாருங்கள். புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவரை எப்படி வழிநடத்த வேண்டும் என்பதற்கான முழுத் திட்டமும் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில், உன்னிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி. பிறர் தரும் கடனுக்கு முன்னர் சொந்தக் கைம்முதல் கணக்கிடப்பட்டது. இரண்டாவது, விலையை மனத்துக்குள் மதிப்பிடாமல் வாங்குவோர் வாயால் சொல்லச் செய்தது. ஒரு திர்ஹமுக்குப் போக இருந்த பொருள் இரண்டுக்குப் போயிற்று. மூன்றாவது, வீட்டுச் செலவையும் தொழில் முதலையும் முதல் நாளிலேயே பிரித்து வைத்தது. நான்காவது, அவர் உடனே செய்யக்கூடிய, ஊரில் அன்றாடம் தேவைப்படுகின்ற தொழிலைக் காட்டியது. ஐந்தாவது, வழிகாட்டியவரே தம் கையால் பிடியிட்டது. ஆறாவது, பதினைந்து நாள் என்ற கெடு. அதற்கிடையே குறுக்கிடாமல் விட்டுவைத்தது. ஏழாவது, கெடு முடிந்ததும் வரவையும் செலவையும் கேட்டறிந்தது.

நான் என் மாணவருக்கு இந்த ஏழில் எதைச் செய்தேன்? ஒன்றையும் செய்யவில்லை. நபிவழியைப் போதிக்கும் ஆசனத்தில் அமர்ந்துகொண்டே நபிவழியைத் தவறவிட்டிருந்தேன்.

கட்டடம் தந்த வணிகர்கள்

நம் தமிழகத்தின் கல்வி வரலாற்றில் வணிகர்களுக்குள்ள பங்கு சிறிதன்று. தோல் தொழிலால் பெயர்பெற்ற வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டிலேயே இஸ்லாமியாக் கல்லூரி தோன்றிற்று. 1951ஆம் ஆண்டு சென்னையில் புதுக்கல்லூரியும், திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தன. ஜமால் முகம்மது சாகிப், காஜாமியான் ராவுத்தர் போன்ற பெருமக்கள் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு ஈந்தார்கள். பிற சமுதாயங்களைச் சேர்ந்த வணிகப் பெருமக்களும் இவ்வாறே எத்தனையோ கல்லூரிகளைக் கட்டித் தந்திருக்கிறார்கள்.

அவர்கள் நிலம் தந்தார்கள், கட்டடம் தந்தார்கள், உதவித்தொகை தந்தார்கள். ஆனால் அந்தச் செல்வத்தை ஈட்டித் தந்த அனுபவம் இருக்கிறதே, அது பெரும்பாலும் கல்லூரி வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. வகுப்பறையில் பேரேடு எழுதும் முறையைப் பேராசிரியர் கற்பிக்கிறார். பேரேட்டில் பெயருள்ள கடைக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வது என்பதைக் கற்பிக்க, கடை வைத்து நடத்தியவர் வரவேண்டும்.

முற்காலத்தில் இந்த இடைவெளி இருக்கவில்லை. வணிகனாக வேண்டிய சிறுவன் ஒரு கடையில் சேர்ந்தான். கடையைப் பெருக்கினான், பொட்டலம் கட்டினான், சிட்டை எழுதினான், கொள்முதலுக்கு முதலாளியோடு ஊர் ஊராகப் போனான். சரக்கைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லவும், வாடிக்கையாளரின் முகம் பார்த்துக் கடன் கொடுக்கவும் பத்தாண்டுகளில் பழகிக்கொண்டான். பிறகு அந்த முதலாளியே அவனுக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்ததும் உண்டு. இன்று பிள்ளைகள் அந்தப் பத்தாண்டுகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கழிக்கிறார்கள். அது நல்லதே, அறிவு பெருகியிருக்கிறது. ஆனால் கடைத் திண்ணையில் கிடைத்த பாடம் அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. இந்த இழப்பை ஈடுசெய்வதே தொழில் வழிகாட்டுந் திட்டத்தின் நோக்கம்.

அனுபவம் பேசினால் என்ன நிகழும்?

இஃது ஏதோ ஓர் ஆலிமின் கற்பனை என்று நீங்கள் எண்ணிவிட வேண்டாம். உலகில் பல இடங்களில் இது நடைமுறையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற தொழில் நிர்வாகிகள் சிறு வணிகர்களுக்கு ஊதியமின்றி வழிகாட்டும் ஸ்கோர் என்னும் அமைப்பு அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டு தோன்றிய பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை, தொழில் தொடங்கும் இளைஞருக்கு முதலுக்கு வழிசெய்வதோடு நில்லாமல் தொண்டுள்ளம் படைத்த வழிகாட்டி ஒருவரையும் இணைத்து வைக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய வழிகாட்டுந் திட்டத்தில் ஒரு தொழிலுக்கு ஒருவர் என்றில்லாமல் சிலர் குழுவாக அமர்ந்து ஆலோசனை கூறுகின்றனர். ஒருவரின் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும் அல்லவா?

கென்யா நாட்டுத் தலைநகர் நைரோபியின் தண்டோரா பகுதியில் சிறு தொழில் செய்யும் பெண்களிடையே நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு சாராருக்கு வகுப்பறையில் வணிகப் பயிற்சி தரப்பட்டது. மற்றொரு சாராருக்கு அதே பகுதியில் தொழில் செய்து வெற்றிகண்ட பெண்மணி ஒருவர் வழிகாட்டியாக இணைக்கப்பட்டார். வகுப்பில் கற்றவர்களின் இலாபம் குறிப்பிடும்படி உயரவில்லை. வழிகாட்டி பெற்றவர்களின் இலாபமோ தொடக்கத்தில் சராசரியாக 20 விழுக்காடு உயர்ந்தது. காரணம் எளியது: எந்த வியாபாரியிடம் சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது போன்ற உள்ளூர்ச் செய்திகளை வழிகாட்டி அறிந்திருந்தார், பாடநூல் அதை அறிந்திருக்க முடியாது. ஆனால் அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. வழிகாட்டியோடு தொடர்பு அறுந்தபோது கிடைத்த பயனும் மெல்லத் தேய்ந்தது.

சீன நாட்டின் நான்சாங் நகரில் ஏறத்தாழ 2,800 இளம் நிறுவனங்களைக் கொண்டு நிகழ்ந்த மற்றோர் ஆய்வும் 2018இல் வெளிவந்தது. அவற்றுள் ஒரு பகுதியினர் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டுக் காலம் மாதந்தோறும் கூடிப் பேசினர். அவர்களுடைய விற்பனை வருவாய் 8.1 விழுக்காடு அதிகரித்தது. அதில் ஒரு நுட்பமும் தெரியவந்தது: ஒருவரோடொருவர் போட்டியிடாத தொழிலில் இருந்தவர்களே தாம் அறிந்ததை மனம் திறந்து பகிர்ந்துகொண்டனர். மனித இயல்பை அறிந்தவருக்கு இதில் வியப்பேதும் இல்லை.

நாங்கள் செய்த பிழைகள்

ஹாஜியாரிடம் பேசிய சில மாதங்களில், எங்கள் ஊர்க் கல்லூரியின் பேராசிரியர்கள் சிலரையும் கடைவீதிப் பெரியவர்கள் சிலரையும் அணுகி, சிறிய அளவில் இந்த முயற்சியைத் தொடங்கினோம். ஏழு வியாபாரிகள், பன்னிரண்டு மாணவ மாணவியர். சமயம் எதுவும் பார்க்கவில்லை. பலசரக்கு நாடார் அண்ணாச்சி ஒருவரும், இரும்புக்கடைச் செட்டியார் ஒருவரும் எங்கள் ஹாஜியாருக்குப் பக்கத்தில் அமர்ந்தனர். இத்தகைய திட்டத்தை உங்கள் ஊரில் தொடங்க எண்ணுவோருக்குப் பயன்படட்டும் என்று, எங்கள் பிழைகளை மறைக்காமல் கூறுகிறேன்.

முதல் பிழை: பெரியவர்களைப் பேசவிட்டோம். ஒவ்வொருவரும் தாம் பட்ட கஷ்டங்களைத் தம் பிள்ளைப் பருவத்திலிருந்து தொடங்கிச் சொன்னார்கள். மூன்றாம் கூட்டத்தில் மாணவர் பாதிப்பேர் வரவில்லை. பிறகு முறையை மாற்றினோம். முதல் கால்மணி நேரம் மாணவர் மட்டுமே பேச வேண்டும். பெரியவர்கள் கேள்வி கேட்கலாமே ஒழியத் தீர்ப்புச் சொல்லலாகாது. உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பதிலிருந்துதானே பெருமானாரும் தொடங்கினார்கள்?

இரண்டாம் பிழை: ஒரு மாணவரை அவர் தொழிலையே செய்கின்ற கடைக்காரரிடம் சேர்த்துவிட்டோம். மாணவர் சொன்ன யோசனை இரண்டு மாதத்தில் அந்தக் கடையிலேயே அரங்கேறிற்று. கடைக்காரர் தீய நோக்கத்தோடு செய்தார் என்று நான் கூறவில்லை. ஆயினும் மாணவரின் மனம் புண்பட்டது. இப்போது, வழிகாட்டியின் தொழிலும் மாணவரின் தொழிலும் ஒரே சந்தையில் மோதாதபடி பார்த்துக்கொள்கிறோம். கேட்டது அமானிதம், வெளியிடுவதில்லை என்று இரு தரப்பாரும் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள்.

மூன்றாம் பிழை: ஒரு பெரியவர் இரக்கப்பட்டு மாணவருக்குத் தாமே கடன் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வழிகாட்டியாக இல்லாமல் கடன்காரராகிவிட்டார். மாணவர் உண்மை நிலவரத்தைச் சொல்லத் தயங்கினார். ஆகவே, வழிகாட்டுபவர் பணம் கொடுப்பதுமில்லை, பங்கு கேட்பதுமில்லை, மாணவரைத் தம் கடையில் சம்பளமில்லாத ஆளாக வைத்துக்கொள்வதுமில்லை என்று விதி வகுத்தோம்.

நான்காம் பிழை: கைப்பேசிச் செயலி வழியாக வியாபாரம் செய்ய விரும்பிய மாணவியின் முன்னால் அறுபது வயதுப் பெரியவரை அமர்த்தினோம். இருவரும் வேறு வேறு மொழி பேசினர். பிறகு கணினித் துறையில் பணிபுரியும் பழைய மாணவி ஒருவரையும் அப்பெரியவரோடு சேர்த்தோம். செயலி எப்படி இயங்கும் என்று அவர் சொன்னார். வாடிக்கையாளர் ஏன் திரும்பி வருகிறார் என்று இவர் சொன்னார். இரண்டும் சேர்ந்த பிறகுதான் ஆலோசனை நிறைவடைந்தது.

திட்டத்தின் படிகள்

இந்தப் பிழைகளிலிருந்து திரண்ட நடைமுறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஓராண்டுத் திட்டம். ஒரு மாணவருக்கு இரண்டு வழிகாட்டிகள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சந்திப்பு. அது கல்லூரியின் பொது அறையிலேயே நடைபெறும். மாணவியரோடு பேராசிரியை ஒருவரும் உடனிருப்பார். வீட்டிலிருந்தபடியே தையலோ சமையலோ செய்து விற்கும் தாய்மார்களையும் வழிகாட்டிகளாக அழைக்கிறோம். அவர்களுடைய கணக்கறிவைக் கண்டு கடைவீதிப் பெரியவர்களே வியந்தது உண்டு.

முதல் மாதத்தில் கடன் என்ற சொல்லுக்கே இடமில்லை. செய்ய எண்ணும் பொருளை, உறவினரும் நண்பரும் அல்லாத பத்துப் பேருக்கு விற்றுக் காட்ட வேண்டும். பத்துப் பேரும் வாங்க மறுத்தால் மறுத்த காரணத்தை எழுதிவர வேண்டும். பெருமானாரின் சபையில் நடந்த ஏலத்தின் பாடம் இதுவே. விலையைச் சொல்பவர் வாங்குபவர்.

இரண்டாம் மாதம் கணக்கு. ஒரே தாளில் நான்கு செய்திகள்: கையில் உள்ள பணம், வரவேண்டிய பணம், கொடுக்கவேண்டிய பணம், ஒவ்வொன்றுக்கும் உரிய தேதி. வரவேண்டிய தேதி கொடுக்கவேண்டிய தேதிக்குப் பின்னால் போகிறதா என்பதைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பார்க்கிறோம். என் மாணவரை வீழ்த்திய பள்ளம் இனி எவரையும் வீழ்த்தக் கூடாது அல்லவா? வீட்டுப் பணமும் தொழில் பணமும் தனித்தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஒரு திர்ஹம் உணவுக்கு, ஒரு திர்ஹம் கோடரிக்கு.

இறைமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை நினைத்துப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியே அது பேசுகிறது. எழுதத் தெரிந்தவர், இறைவன் தமக்குக் கற்பித்ததற்கு நன்றியாக, எழுதித்தர மறுக்கலாகாது என்றும் அது பணிக்கிறது. ஓய்வுபெற்ற கணக்காயர்களே, வங்கி அதிகாரிகளே! இக்கட்டளை உங்களை நோக்கியும் பேசுகிறது என்று நான் கருதுகிறேன்.

மூன்றாம் மாதம் அலுவலகப் படிவங்கள். 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரி, 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் வந்த உத்யம் பதிவு, உணவுப் பொருள் விற்போருக்கான பதிவு ஆகியவற்றை அறிந்தவர் ஒருவர் வந்து விளக்குவார். குறு, சிறு உற்பத்தியாளர்களிடம் பொருள் வாங்குவோர் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்கலாகாது என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கூறுகிறது. வெறுமனே வாங்கி விற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பதிவு செய்த உற்பத்தியாளருக்கு உண்டு. தம் தொழில் எந்த வகையில் அடங்கும் என்பதை அறியாமல் இளைஞர் தொழிலில் இறங்கலாமா?

எஞ்சிய மாதங்கள் மாணவருடையவை. வழிகாட்டி கெடு வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கிவரப் பெருமானார் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவரோ இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார். சொன்னதற்கு மேல் ஏன் செய்தாய் என்று பெருமானார் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகத் துஆச் செய்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். இளைஞரின் சமயோசிதத்தை மதிக்கத் தெரியாதவர் வழிகாட்டியாக இருக்கத் தகுதியற்றவர்.

இலாபத்துக்கு மேல் ஒன்று

இலாபம் ஈட்டக் கற்பிப்பது மட்டுமே எங்கள் நோக்கமாக இருக்க முடியுமா? மார்க்கச் சட்டம் அறியாதவர் நம் கடைவீதியில் விற்பனை செய்ய வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் விதித்ததைத் திர்மிதீ பதிவு செய்திருக்கிறார்கள். சந்தைக்குள் நுழையுமுன் அறத்தை அறிந்துகொள் என்பதே அதன் கருத்து.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்துகொண்டே மாணவர்களுக்குக் கற்பித்தவர்கள். அவர்களுடைய கூட்டாளி, குறையுள்ள ஒரு துணியை அக்குறையைச் சொல்லாமல் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் விற்பனைத் தொகை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எங்கள் மாணவர்களிடம் இதைக் கூறியபோது ஒரு பிள்ளை கேட்டார்: "ஹஜ்ரத், இப்படிச் செய்தால் கடை நடக்குமா?" விடையை நான் சொல்லவில்லை. இரும்புக்கடைச் செட்டியார் சொன்னார்: "தம்பி, எடையில் ஒருமுறை சந்தேகம் வந்தால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார். வராத ஆளைக் கணக்கில் எழுத முடியாது. அதனால் நஷ்டமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்." நான் ஒரு மணி நேரம் பயான் செய்திருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பன்னிரண்டு பேரில் இன்று தொழில் நடத்துவோர் ஐவர். நால்வர் வேலைக்குச் சென்றார்கள். மூவர் தாம் எண்ணிய தொழில் நடக்காது என்று முதல் இரண்டு மாதத்திலேயே அறிந்து விலகிக்கொண்டார்கள். அந்த மூவரையும் நான் வெற்றியாகவே கணக்கிடுகிறேன். அவர்களுடைய தாய்மார்களின் கழுத்தில் சங்கிலி இருக்கிறது.

என் பழைய மாணவர் என்னவானார் என்று கேட்பீர்கள். அவரைத் தேடிச் சென்றவர் ஹாஜியார்தாம். இப்போது பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். கடனை மாதந்தோறும் அடைத்து வருகிறார். இழந்த சங்கிலி மீளவில்லை. ஒவ்வோர் ஆண்டும் திட்டத்தின் முதல் கூட்டத்தில் அவரைப் பேச அழைக்கிறோம். அந்த அறுபது நாள் பள்ளத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறார். பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்கிறார்கள். சென்ற முறை பேசி முடித்ததும் என் அருகில் வந்து அமர்ந்து, "ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள்" என்றார். முன்னர் சொன்ன அதே சொற்கள். "செய்கிறேன், அதற்கு முன்னால் அடுத்து என்ன செய்ய நினைக்கிறீர்கள், கையில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்" என்றேன். அவர் சிரித்தார்.

வாசகரே! இன்று ஜுமுஆவில் ஸலாம் கொடுத்தபின் உங்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் அமர்ந்திருப்பவர்களைச் சற்றுப் பாருங்கள். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ செல்லும் வாசகரும் தம் அருகில் நிற்பவரைப் பாருங்கள். அங்கே ஓர் இளைஞர் கோடரியோடு நின்றிருக்கலாம். அதற்குப் பிடியிடத் தெரிந்தவர் நீங்களாகவே இருக்கலாம். உங்களுக்கு அடிபட்டுக் கிடைத்த அறிவு, அவருக்கு அடிபடாமல் கிடைக்கட்டும். பணம் கொடுத்தால் குறையும். அனுபவம் கொடுத்தால் குறையுமா?

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் தொழிலில் பரக்கத்தையும், நம் பெரியவர்களின் உள்ளத்தில் விசாலத்தையும் அருள்வானாக! துஆவோடு நின்றுவிடாமல், துஆவோடு தொடங்குகின்றவர்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.